டின்னில் இல்லாத காசு

முப்பத்தொரு வருடம் நான் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தேன். பெயிலாகி இருக்கவில்லை, சம்பளத்துக்கு இருந்தேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேலே ரியூஷன் வகுப்பும் கீழே அச்சகமுமாக ஓடிய ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாதிரி வினாத்தாள்களை அங்கே தயாரித்தோம். ஆசிரியர்கள் கணக்குகளை எழுதி அனுப்புவார்கள். அவை அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர் உட்கார்ந்து, பத்து வயதுப் பிள்ளை செய்வதுபோல ஒவ்வொன்றையும் செய்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான். ஒரு தாளில் நாற்பது கணக்கு, கணக்குக்கு ஒரு புள்ளி.

போன மாதம் அங்கே இப்போது வேலை செய்யும் டிலானி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

“அன்ரி, புது சொப்ட்வெயார் நாப்பது கணக்கையும் ரெண்டு செக்கனில செய்து முடிக்குது. நீங்கள் ஒரு பேப்பருக்கு எவ்வளவு நேரம் எடுத்தனீங்கள்?”

“ரெண்டு நாள்,” என்றேன்.

“ஐயோ அன்ரி,” என்றாள். மரியாதையா, பரிதாபமா என்று தெரியவில்லை. பிறகு, “ஆண்டு மலருக்கு அதை எழுதித் தாங்கோவன் அன்ரி, சிரிப்பா இருக்கும்,” என்றாள். சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்கு அந்தப் பயமும் உண்டு. இருந்தாலும் எழுதுகிறேன்.

உயர்தர வகுப்பில் நான் கணிதம் எடுத்தேன், கணிதம் என்னை எடுக்கவில்லை. வேறு வேலை கிடைக்கும்வரை ஒரு மாதம் இருப்போம் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். அந்த ஒரு மாதம்தான் முப்பத்தொரு வருடமாக நீண்டது. முதல் வாரத்தில் மூன்று விஷயம் சொல்லித் தந்தார்கள். கல்குலேற்றர் கூடாது. எக்ஸ், வை போட்டுச் செய்யக் கூடாது. பெரிய ஆள் புத்தி கூடவே கூடாது. முதல் இரண்டும் லேசு. மூன்றாவது படிய எனக்கு நான்கு வருடம் எடுத்தது. படிந்த பிறகு போகவும் இல்லை. மீன் கடையில் நின்று, “இந்தப் பாரை மீனில மூண்டில ஒரு பங்கு தலை எண்டால், மிச்சம் எவ்வளவு?” என்று நான் கேட்க, மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். அவர் கடலைப் பார்த்தார்.

எங்கள் பகுதிக்குத் தலைவி பரீதா மிஸ். பெரிய பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருந்து, இளம் வயதிலேயே விலகி வந்தவர். தெஹிவளையிலிருந்து ரயிலில் வந்து, ஸ்ரேஷனிலிருந்து ஒழுங்கைவரை குடை பிடித்து நடந்து, எட்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது படியில் கால் வைப்பார். வெளிர் நிறச் சேலை, தலையில் முக்காடு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அவர் வாயால் ‘சரி’ என்ற சொல்லை நான் கேட்டதில்லை. சரியாக இருந்தால் பக்கத்தைப் புரட்டுவார், பிழையாக இருந்தால் புரட்ட மாட்டார். அவர் புரட்டாமல் உட்கார்ந்திருந்தால் நான் முதலிலிருந்து மறுபடி கூட்டத் தொடங்குவேன்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு கணக்கு வந்தது. ஒருத்தியிடம் முப்பது நாணயங்கள் உள்ளன, அதில் நான்கிலொரு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தாள், தங்கைக்கு எத்தனை நாணயம்? நான் முப்பதை நான்கால் பிரித்து, ஏழரை என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். மிஸ் பக்கத்தைப் புரட்டவில்லை.

“புள்ள, அந்த அரைக் காசு எங்க இரிக்கி?”

நான் தாளைக் காட்டினேன்.

“பேப்பர்ல காட்டாத. எடுத்து மேசையில வை.”

எழுந்து நின்று மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கத்தரிக்கோல் இருந்தது, அதையும் பார்த்தேன். அதற்கு முந்தின வருடம் இதேபோல ஒரு கணக்கு யார் கண்ணிலும் படாமல் அச்சாகிப் போய், ஒரு பிள்ளை விடைத்தாளில் நாணயத்தின் படம் வரைந்து, நடுவில் வெட்டி, மற்றப் பாதியை அக்காவின் கையில் கொடுத்திருந்ததாம். பிள்ளைக்குப் புள்ளி கொடுப்பதா, யாரைத் திட்டுவது என்று ஒரு நாள் முழுதும் கூட்டம் நடந்ததாம். அதற்குப் பிறகு மிஸ் ஒரு சட்டம் போட்டார். காசு வரும் கணக்கு எதுவானாலும் உண்மையான காசை மேசையில் பரப்பிச் செய்து பார்க்க வேண்டும்.

“மேசையில வைக்காத சல்லி சல்லியில்ல,” என்றார். காசு அவர் வாயில் எப்போதும் சல்லிதான். முப்பது வருடத்தில் இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டேன் என்பதை எந்தச் சொப்ட்வெயாராலும் எண்ண முடியாது.

அந்தச் சட்டத்துக்காக ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதன் பூட்டுக்கான திறப்பு மிஸ்ஸின் கைப்பையில். பத்து மணிக்கு டின் திறக்கும். நான் கை கழுவ வேண்டும். மேசையில் பச்சைத் துணி விரிக்க வேண்டும். நாணயங்களை எண் மேலே தெரியும்படி, இனம் இனமாக அடுக்க வேண்டும். பின்னம் வந்தால் நிரலாகப் பிரிக்க வேண்டும். நான்கில் மூன்று என்றால் நான்கு நிரல் வைத்து, மிஸ் கோடு போடும் அடிமட்டத்தின் நுனியால் மூன்றைத் தன் பக்கம் தள்ளுவார். கையால் தொட மாட்டார். தள்ளியதை நான் சத்தமாக எண்ணித் துண்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பிறகு எல்லாவற்றையும் டின்னில் போட்டுப் பூட்டுவோம். மாதம் ஒரு தடவை கொறுக்காய்ப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் துலக்குவதும் என் வேலை. என் வீட்டுக் குத்துவிளக்குகூட அப்படி மினுங்கியதில்லை.

ஒரு காலத்தில் டின்னில் கால் ரூபாவுக்கு இருபத்தைந்து சதம், அரை ரூபாவுக்கு ஐம்பது சதம் என்று குத்தி நாணயங்கள் நிறைய இருந்தன. காலும் அரையும் படிப்பிக்க அவற்றைவிட நல்ல சாமான் கிடையாது. பிறகு பிள்ளைகள் சதத்தையே மறந்துபோனார்கள். ‘சதம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒருவன், ‘கிரிக்கெட்டில் அடிப்பது’ என்று எழுதினான். மிஸ் அன்றைக்கே சதங்களை எல்லாம் பொறுக்கி ஒரு துணியில் கட்டி அலுமாரியில் வைத்தார். அதன்பின் டின்னில் மிஞ்சியவை ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக் குத்திகள் மட்டுமே. எங்களுக்கு நாட்டிலும் அவ்வளவுதான் காசு.

மிஸ்ஸிடம் இன்னொரு பழக்கம் இருந்தது, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நான் ஒரு தாளைச் செய்து முடித்ததும் அவர் அதை மறுபடி பார்த்து, நான் தவறவிட்ட பிழைகளைக் கழித்து, ஒரு சின்னத் துண்டில் சிவப்புப் பேனையால் எனக்குப் புள்ளி போட்டுத் தருவார். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நாற்பதுக்கு முப்பத்தேழு. கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் வேலைக்குப் போன பிறகும் நான் புள்ளித் துண்டோடு வீட்டுக்குப் போனேன். என் மகன் தன் கூட்டாளிப் பெடியளிடம், “அம்மா இண்டைக்கு முப்பத்தொன்பது,” என்று சொல்லிச் சிரிப்பான். நாற்பது மட்டும் கிடைத்ததே இல்லை. ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

“நாப்பது போட்டா நீ நாளைக்குப் பென்சில் தீட்ட மாட்டாய் புள்ள,” என்றார்.

இனி அந்த ஒரு கணக்குக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது.

ஒவ்வொரு வருடமும் பெரிய மாதிரிப் பரீட்சை ஒன்று வைப்போம். அறுநூறு பிள்ளைகளுக்கு மேல் எழுதுவார்கள். முதல் பத்து இடங்களுக்கு வரும் பிள்ளைகளுக்கு வருடம் முழுதும் வகுப்பு இலவசம். வெள்ளவத்தை மாடிவீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பெருமை. வேறு சில வீடுகளில் அது இல்லாவிட்டால் வகுப்பே இல்லை.

அந்தத் தாளில் நாற்பதாவது கணக்கு இப்படி இருந்தது. ‘நிமலனிடம் 148 ரூபா இருந்தது. அதில் நான்கிலொரு பங்கைக் கொடுத்து ஒரு கொப்பி வாங்கினான். அந்தத் தொகையை நாணயங்களாக மட்டுமே கொடுத்தான். ஆகக் குறைந்தது எத்தனை நாணயங்கள் கொடுத்திருப்பான்?’ நான்கிலொரு பங்கு முப்பத்தேழு ரூபா. முப்பத்தேழு ரூபாவுக்கு எங்கே எழுதும் கொப்பி? கணக்கு எழுதிய மாஸ்டர் கொப்பி வாங்கிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். மிஸ் கொப்பியை வெட்டிப் பென்சில் ஆக்கினார்.

அதுவரை முப்பத்தொன்பது கணக்கிலும் நான் ஒரு பிழைகூட விடவில்லை. அது எனக்கே தெரியும். பச்சைத் துணியில் ஒரு பத்து வைத்தேன். இன்னொரு பத்து. மூன்றாவது பத்தைத் தூக்கும்போது எனக்கு என் பேர்ஸ் ஞாபகம் வந்தது.

சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் மிச்சக் காசோடு ஒரு புதுக் குத்தி வந்தது. பத்து ரூபாவைவிடக் கொஞ்சம் பெரியது. இருபது ரூபா என்று போட்டிருந்தது. ஏதோ விழாவை ஒட்டி அடித்ததாம், ஆனால் செல்லும் காசுதான் என்று பக்கத்து வீட்டு வங்கிக்காரர் சொன்னார். நான் அதிர்ஷ்டக் காசு என்று பேர்ஸின் உள்பையில் வைத்திருந்தேன். அதைப் போட்டால் இருபது, பத்து, ஐந்து, இரண்டு. நான்கு நாணயம்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கணக்கை மாற்ற வேண்டும், மிஸ் பக்கத்தைப் புரட்ட மாட்டார், என் நாற்பது போய்விடும். டின்னில் இல்லாத காசை நினைப்பதுதான் பெரிய ஆள் புத்தி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பத்தையும் வைத்து, ஐந்தையும் இரண்டையும் வைத்து, ‘ஐந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிஸ் முழுத் தாளையும் பார்த்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிவப்புப் பேனையை எடுத்து, தன் நகையை அடகு வைப்பவர் போன்ற முகத்தோடு, 40/40 என்று எழுதித் தந்தார். நான் அந்தத் துண்டை மடித்து, அதிர்ஷ்டக் காசை அதற்குள்ளேயே சுற்றி, உள்பையில் வைத்தேன். அன்று வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைவரை பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன், உட்கார மனம் வரவில்லை.

பரீட்சை நடந்தது. வெளியிலிருந்து வந்த மாஸ்டர்மார் எங்கள் விடைகளை வைத்துத் தாள்களைத் திருத்தினார்கள். பெயர்ப் பட்டியலை வாசலில் ஒட்டினோம். மறுநாள் காலை ஒரு பஸ் கண்டக்டர், தோளில் காசுப் பையோடு, ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஜிந்துப்பிட்டியாம். பெயர் ரவி. பிள்ளை ஷாலினி. முப்பத்தெட்டுப் புள்ளி, பதினோராம் இடம். பத்தாம் இடத்துப் பிள்ளைக்கு முப்பத்தொன்பது.

“மன்னிச்சுக்கங்க மிஸ், சண்டைக்கு வரலீங்க,” என்றார் ரவி. “புள்ள நேத்துலேருந்து சரியா சாப்பிடலீங்க. கடைசிக் கணக்கு சரின்னே சொல்லுது. இந்த எடம் கெடைக்கலேன்னா என்னால இங்க அனுப்ப முடியாதுங்க. அதான் கேட்டுட்டுப் போயிறலாம்னு.”

மிஸ் தாளைத் தேடி எடுத்தார். நாற்பதாவது கணக்குக்குக் கீழே ஷாலினி நான்கு வட்டம் வரைந்திருந்தாள். 20, 10, 5, 2. பக்கத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு. எனக்குக் காது சூடானது.

“இருவது ரூவாக் குத்தி எங்க இரிக்கி?” என்றார் மிஸ்.

ஷாலினி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள். “இதுவும் காசுதான் மிஸ். அப்பாட பையில வந்திச்சி. சில்லறை பிரிச்சிக் குடுக்கிறது நான். அதுக்கு அப்பா எனக்கே தந்தாரு.”

மிஸ் அடிமட்டத்தின் நுனியால் அதைத் தள்ளினார். திருப்பினார். அடிமட்டத்தின் மேலேயே ஏற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது பதக்கம் மாதிரி இரிக்கி. சல்லி எண்டா சாமான் வாங்க ஏலணும்.”

“ஏலும் மிஸ்,” என்றாள் ஷாலினி.

“அப்ப வா. வாங்கிப் பாப்பம்.”

இப்படித்தான் காலி வீதியில் எங்கள் ஊர்வலம் போனது. முன்னால் குடையோடு மிஸ், பின்னால் காசை உள்ளங்கையில் ஏந்திய பிள்ளை, அதன் பின்னால் கண்டக்டர், கடைசியாக என் பேர்ஸை இறுக்கிப் பிடித்தபடி நான். புறப்பட்ட பிறகுதான் பெரிய கணக்கு ஒன்று எதிரில் வந்தது. இருபது ரூபாவுக்கு இந்த ஊரில் என்ன வாங்கலாம்? பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்க முடியாது. வாழைப்பழம் ஒன்றுகூட வாங்க முடியாது. பலசரக்குக் கடையில் மிஸ் இரண்டு டொபி கேட்டார். கடைக்காரர் குத்தியைப் பார்த்து, “மேக்க சல்லி நெமெய் மிஸ்,” என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இது காசில்லை என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். பிள்ளையின் முகம் சுருங்கியது. மரக்கறி விற்ற அம்மா ஒரு பிடி கறிவேப்பிலைக்கு அதை வாங்கிப் பார்த்து, “இத நான் ஆரிட்டக் குடுத்து மாத்திறது?” என்று பிடியையே சும்மா தந்தார். மிஸ் அதை ஏற்கவில்லை. சும்மா கிடைத்தால் கணக்கில் சேராது.

மூன்றாவதாக ஒரு போட்டோகொப்பிக் கடை. ஒரு பக்கம் இருபது ரூபா என்று எழுதி ஒட்டியிருந்தது. மிஸ் ஷாலினியின் விடைத்தாளைக் கொடுத்து ஒரு பிரதி கேட்டார். கடைக்காரர் போனில் யாரோடோ கதைத்துக்கொண்டே பிரதி எடுத்து, குத்தியை வாங்கி, பார்க்காமலே காசு போடும் மேசை லாச்சிக்குள் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது.

“சல்லிதான்,” என்றார் மிஸ். அவருடைய விடையே பிழை என்று நிரூபணமானதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. திரும்பி விறுவிறு என்று நடந்தார். ஷாலினி மட்டும் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, என்ட காசு,” என்றாள் மெதுவாக. ரவி, “அப்புறமா கேட்டு வாங்கிக்கலாம் புள்ள, மிஸ் கோவிச்சுக்குவாங்க,” என்றார்.

அலுவலகத்தில் முதலாளி வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கெட்டவர் அல்ல, பத்து என்று சொன்னால் பத்துதான். மிஸ் விஷயத்தைச் சொல்ல, அவர் கையை விரித்தார்.

“பதினொரு இடமோ? ஒரு பிள்ளைக்கு ஒரு வருசக் காசு எவ்வளவு எண்டு தெரியுமோ மிஸ்? எங்கே அந்தக் குத்தி? காட்டுங்கோ பாப்பம்.”

குத்தி போட்டோகொப்பிக் கடையிலேயே நின்றுவிட்டது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ரவி படியிறங்கி ஓடினார். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“அடுத்து வந்த ஆளுக்கு மிச்சமாக் குடுத்துட்டாராங்க. பம்பலப்பிட்டிப் பக்கம் போற ஆளாம்.”

ரவி தன் போனில் அந்தக் குத்தியின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். முதலாளி சிரித்தார்.

“போனில பறக்கிற ஆனையும் வரும் தம்பி. மிஸ், நீங்கள்தானே முப்பது வருசமாச் சொல்லுறனீங்கள், மேசையில வைக்காத காசு காசில்லை எண்டு? மேசை வெறுமையாக் கிடக்கு. பத்துப் பேர். முடிஞ்சுது.”

மிஸ் டின்னைத் திறந்து, பத்து, ஐந்து, இரண்டு என்று என்னைக் கொண்டு பச்சைத் துணியில் வைக்கச் செய்து, மறுபடி பூட்டினார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பூட்டிய டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் துணியில் பத்தும் ஐந்தும் இரண்டும் இருந்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு குத்தியளவு இடம் வெறுமையாக இருந்தது. ஷாலினி அழவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடித்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் பேர்ஸ் மடியில் இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு, கையில் நாற்பதுக்கு நாற்பது. எடுத்து வைத்தால், தெரிந்துகொண்டே பிழையான விடைக்குக் கையெழுத்துப் போட்டவள் என்று எல்லாருக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை மடித்த விரலை மறுபடி நிமிர்த்தி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உள்பையைத் திறந்து, மடித்த துண்டை அப்படியே மேசையில் வைத்தேன்.

மிஸ் அதைப் பிரித்தார். குத்தி உருண்டு பத்தின் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் கையில் அவருடைய சிவப்பு எழுத்தே மிஞ்சியது. அதையும் பார்த்தார், குத்தியையும் பார்த்தார், பிறகு என்னையும் பார்த்தார்.

“எப்பலேந்து இரிக்கி?”

“கன மாசமா மிஸ்.”

“பேப்பர் பாத்த அண்டைக்கு?”

“பேர்ஸில இருந்தது மிஸ்.”

“ஞாபகம் வரல்லயா?”

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். அவரே வாசலைத் திறந்து தந்தார். “மூண்டாவது பத்தைத் தூக்கேக்க ஞாபகம் வந்தது மிஸ்,” என்றேன்.

முதலாளி இருமினார். மிஸ் அடிமட்டத்தை எடுத்து நான்கு குத்திகளையும் ஒரு வரிசையில் தள்ளினார்.

“நாலு,” என்றார். “மேசையில இரிக்கி. எண்ணிப் பாருங்க.”

முதலாளி உண்மையாகவே குனிந்து எண்ணினார். “அப்ப அஞ்சு எண்டு எழுதின பிள்ளையளுக்கோ?”

“அதுவளுக்கும் மார்க் இரிக்கட்டும். எங்கட டின்ன நம்பினது அதுவள்ற பிழையில்ல. பத்தாம் எடத்துல ரெண்டு பேர். ஒரு கதிர கூடப் போடுங்க, எடம் இல்லாட்டி என்ட கதிரயக் குடுக்கிறன்.”

முதலாளி மிஸ் உட்காரும் கதிரையைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். “கதிரை வேண்டாம் மிஸ்,” என்று தலையாட்டிவிட்டு வகுப்பறைப் பக்கம் போனார். பிறகு தாள்களை மறுபடி புரட்டியபோது நான்கு என்று எழுதிய இன்னொருவனும் அகப்பட்டான். அவன் வேறொன்றும் செய்யவில்லை, கேள்வியில் இருந்த ‘நான்கிலொரு’வைப் பார்த்து நான்கு என்று போட்டிருந்தான். மொத்தம் பத்தொன்பது புள்ளி. அவனுக்கும் ஒரு புள்ளி கூட்டிக் கொடுத்தோம்.

ரவி இரண்டு கையையும் கூப்பினார். எனக்கா, மிஸ்ஸுக்கா, மேசைக்கா என்று தெரியவில்லை. மிஸ் ஷாலினியின் தாளில் குறுக்குக் கோட்டை வெட்டிச் சரி போட்டு, முப்பத்தெட்டை முப்பத்தொன்பது ஆக்கினார். அதே பேனையை மூடாமலே என் துண்டை இழுத்தார். 40ஐ ஒரு கோட்டால் வெட்டினார். மேலே 39 என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“பென்சிலத் தீட்டு,” என்றார். அவ்வளவுதான் விசாரணை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நான் ஓய்வு பெறும்வரை நாற்பதும் வரவில்லை.

இருபது ரூபாக் குத்தியை மிஸ் டின்னில் போடுவார் என்று பார்த்திருந்தேன். போடவில்லை. அடிமட்டத்தால் ஷாலினியின் பக்கம் தள்ளினார்.

“ஒண்ட காச நான் செலவழிச்சிட்டன் புள்ள. இத வெச்சுக்க.”

ஷாலினி என்னைப் பார்த்தாள். அது என் அதிர்ஷ்டக் காசு என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, என் முன்னால் கிடந்த துண்டை எட்டிப் பார்த்தாள்.

“மிஸ், உங்களுக்கும் முப்பத்தொம்பதா?”

“ஓமம்மா.”

“எந்தக் கணக்கு பிழைச்சிச்சு?”

“கடைசிக் கணக்கு.”

அவள் கைக்குட்டை முடிச்சை இறுக்கினாள். பிறகு என் கையைத் தொட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“அது லேசுதானே மிஸ்.”